நூற்று நாற்பத்து மூன்று

“கழற்ற வேண்டாம். உள்ளுக்க வச்சே திருத்தும்.”

இந்திராதேவி கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“உள்ளுக்க வச்சா நாளைக்கும் முடியாது அக்கா” என்றான் தோமஸ். “கிழட்டு மெசின். மெமறி காணாது. திருத்துற சொப்ட்வெயரே மூச்சிழுக்குது. ஹாட் டிஸ்கைக் கழற்றி என்ர மெசினில போட்டனெண்டா ஒரு மணித்தியால வேலை.”

“இருக்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்.”

திரையில் நூற்றுக்கு ஒன்பது வீதம் முடிந்தது என்றிருந்தது.

அடம்பனிலிருந்து மன்னாருக்கு முதல் பஸ்ஸில், பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் ஒரு பட்டியல் இருந்தது. காணாமற்போனவர்கள், நூற்று நாற்பத்து மூன்று பேர். மீளக் குடியேறிய ஊர்களில் வீடு வீடாக ஏறி, மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு வருடமாகச் சேர்த்தது. பட்டியலில் முதலாவது பெயர் அவளுடைய கணவனுடையது. இராணுவத்தின் கையில் சிக்கிவிடும் என்ற பயத்தில், எழுதிய தாள்களைக் கணினியில் ஏற்றியதும் எரித்திருந்தார்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு விசாரணைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். நேற்று மின்சாரம் வந்து வந்து போனதில் கணினி படுத்துவிட்டது.

தோமஸிடம் அதைச் சொல்லவில்லை. அங்கத்தவர் பட்டியல் என்றாள்.

“எந்தச் சங்கம்?”

“அடம்பன்.”

“ஓ, கேள்விப்பட்டனான்.”

“என்ன கேள்விப்பட்டனீர்?”

“நல்லாத்தான்.”

மேசைக்குக் கீழே சிங்கள எழுத்து ஒட்டிய பெட்டிகள் இரண்டு இருந்தன. உள்ளே வந்ததுமே அவற்றைக் கண்டிருந்தாள்.

“அதுகள் ஆரின்ர?”

“ஆமிக் காம்பின்ர. பழுதெண்டு கொண்டந்து வச்சிட்டுப் போறாங்கள். மாட்டன் எண்டு சொல்லேலுமே அக்கா?”

“அடிக்கடி வருவாங்களோ?”

“வருவாங்கள். தேத்தண்ணியும் குடிப்பாங்கள். காசுதான் பிந்தும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“வெளியில றொகான் கொம்பியூட்டர்ஸ் எண்டு கிடக்கு. நீர் தோமஸ் எண்டுறீர்.”

“றொகான் தம்பி. அவன்தான் முறையாப் படிச்சவன். நான் பார்த்துப் பழகினது.”

“எங்க அவர், வெளிநாடோ?”

தோமஸ் திரையைப் பார்த்தான்.

“பதினொரு வீதம்” என்றான்.

மத்தியானம் பத்தொன்பது.

“போய்ச் சாப்பிட்டு வாங்கோ அக்கா. ஆசுபத்திரி வாட்டில நோயாளிக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கிறியள்.”

“பசியில்லை.”

அவன் பெட்டியைத் தட்டினான். “ஓடடா கிழவா. அக்கா பட்டினி.”

பிறகு கேட்டான்.

“பட்டியலில எத்தினை பேர் அக்கா?”

“ஏன்?”

“சும்மா.”

“நூற்றி நாப்பத்து மூண்டு.”

“புதுசா ஆரையும் சேர்ப்பியளோ?”

“இல்லை. முடிஞ்சுது. இனி ஒருத்தரையும் சேர்க்கேலாது.”

அவன் தலையாட்டினான். எழுந்து போய் வாசலில் நின்று வீதியைப் பார்த்தான். யாரை எதிர்பார்க்கிறான்? அவள் கதிரையைப் பெட்டிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு முப்பத்தொரு வீதம். கடைசி பஸ் ஐந்தரைக்கு. கணக்குப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“கழற்றும்.”

ஹாட் டிஸ்க் அவனுடைய கணினிக்கு மாறியது. காலை முழுதும் நகராமல் கிடந்த பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. அவள் கோட்டைப் பார்க்கவில்லை, அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றியேழு வீதத்தில் அவளால் முடியவில்லை. காலையிலிருந்து அடக்கியிருந்தாள். பக்கத்துக் கடையின் பின்பக்கத்துக் கக்கூசுக்கு ஓடிப்போய், ஓடி வந்தாள்.

அவள் உள்ளே வரவும் அவன் திரையில் எதையோ சட்டென்று மூடினான். விரல்கள் இன்னும் விசைப்பலகையின் மேல் இருந்தன.

“என்ன செய்தனீர்?”

“முடிஞ்சுது அக்கா. திறக்குதோ எண்டு பார்த்தனான். திறக்குது.”

“வாசிச்சனீரோ?”

“இல்லை.”

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஹாட் டிஸ்கை மறுபடி அவளுடைய பெட்டிக்குள் பூட்டினான்.

“எவ்வளவு தர?”

“ஒண்டும் வேண்டாம். பஸ்ஸை விட்டிடாதேங்கோ.”

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ஒன்றும் வேண்டாம் என்கிறவனுக்கு வேறெங்கோ கூலி இருக்கிறது.

பஸ் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியைக் கடந்தது. இராணுவக் காவலரணில் நின்றது. சிப்பாய் ஒருவன் ஏறி ஆட்களைப் பார்த்தான், இறங்கினான். அவள் பெட்டியை இறுக அணைத்திருந்தாள். இங்கே பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இருட்டுவதற்கு முன் சங்கத்துக் கொட்டிலில் பட்டியலை அச்சடித்தாள். நூற்று நாற்பத்து மூன்றும் வேண்டும். அவன் ஒரு பெயரை அழித்திருந்தாலும் அந்த வீட்டுக்கு என்ன சொல்வது? விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். கணவனின் பெயர் இருந்தது. மற்றப் பெயர்களும் இருந்தன. ஒன்றும் குறையவில்லை.

விரல் கடைசிப் பெயரைத் தாண்டியும் இன்னொரு வரி இருந்தது.

“144. பஸ்ரியன் றொகான், வயது 22, மன்னார். கடையிலிருந்து கொண்டுபோனார்கள். தகவல் தந்தவர்: தமையன்.”