பல்லில் கடித்த பித்தான்

வெனிஸ் முகமூடித் திருவிழாவின் கடைசிப் பகல். பாலத்துப் படியில், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில் தைத்த நீலப் பட்டுக்குள் மூச்சு முட்ட நிற்கிறாள் ஃபியோரென்சா. முகத்தில் நாடா இல்லாத கறுப்பு முகமூடி. உட்புறப் பித்தானைப் பல்லால் கடித்திருந்தால்தான் அது நிற்கும். பேச முடியாது. கால்வாய் வெயில் கேமராக் கண்ணாடிகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. “இந்தப் பக்கம் பாரும்மா!” என்று கத்துகிறான் ஒருவன். “அடுத்த வருஷமும் வருவாங்களா?” என்கிறான் இன்னொருவன். “வராம? இவளுக்கு இதுதான் உசுரு,” என்று அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறான் கணவன் ஆல்வீஸே. “பாருங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேசறாளா?” எல்லோரும் சிரிக்கிறார்கள். எச்சில் ஊறிய பித்தானை அவள் விடுகிறாள். “நான் வர மாட்டேன்.” முகமூடி கல்படியில் விழுந்து உருள்கிறது. கேமராக்கள் எல்லாம் அவளை விட்டுவிட்டு அதன்மேல் குனிகின்றன. ஆல்வீஸே அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, பித்தானை அவள் உதட்டருகே நீட்டுகிறான். “ம், கடி.”