பிறை பார்க்கும் பாலம்

கிண்ணியாப் பாலத்தில் சனம் நெருங்கி நிற்கிறது. பிறை தெரிந்தால் நாளை நோன்புப் பெருநாள். எல்லோர் கண்ணும் சிவந்த மேற்கில் இருக்க, தையல்காரி சனூஸா மட்டும் விண்வெளி நிலையம் வரும் நேரத்தைப் போனில் பார்க்கிறாள். ரொக்கெட் வீடியோவில் மூழ்கி, பெருநாள் சட்டை இரண்டுக்கு வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் மாற்றித் தைத்தவள். "இங்கயும் இந்தக் கதைதானா?" என்கிறார் கணவர் முனீப். "இனி ஆக்கள் சந்திரனிலயும் குடியிருக்கப் போறாங்களாம். அங்க பிறையை எங்க பார்ப்பாங்க?" என்கிறாள் அவள். மரங்களுக்கு மேலே அவள் காத்திருந்த நிலையத்தின் வெளிச்சம் ஓசையில்லாமல் எழுகிறது. "அந்தா," என்று அவள் நீட்டிய விரலின் வழியே பாலமே பார்க்க, வெளிச்சத்துக்குக் கீழே, வெட்டிய நகம்போல் பிறை. "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்குகிறது. முனீப் மட்டும் பிறையை விட்டுவிட்டு, நகரும் வெளிச்சத்தின் பின்னாலேயே கழுத்தைத் திருப்புகிறார். "உள்ளுக்கு ஆக்கள் இருக்காங்களா?" "ஓம்." "பிறை கண்டாச்சி எண்டு அவங்களுக்கும் சொல்ல ஏலுமா?"