இல்லாத பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவளுக்கு வேலை. போன முறை டேட்டிங்குக்குக் கூட்டிப்போன பையனுக்கு, அவன் கார் ஓட்ட ஓட்ட வழியெல்லாம் பாடம் எடுக்க, அவன் அப்புறம் போனையே எடுக்கவில்லை. "இன்னைக்காவது வாயைத் திறக்காம போய்ட்டு வா" என்று அக்கா சொல்லித்தான் இந்தப் புதியவனின் காரில் ஏற்றிவிட்டிருக்கிறாள். வாய் அடங்கித்தான் கிடக்கிறது, கால்தான் கேட்பதாயில்லை. மாலை வெயில் முன்கண்ணாடியில் கூசுகிறது, எதிரே பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பயிற்சி வண்டியில் தன் பக்கம் இருக்கும் பிரேக்கென்று நினைத்து அவள் செருப்பு வெறும் ரப்பர் விரிப்பை மிதிக்கிறது. கார் அலுங்காமல் நிற்கிறது, மறுபடி நகர்கிறது. "நல்லா ஓட்டுறீங்க" என்கிறாள், மனசார. "நான் எங்கங்க ஓட்டுறேன்? உங்க கால் எப்ப மிதிக்குதோ அப்ப நானும் மிதிக்கிறேன்" என்கிறான் அவன், அவள் செருப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் வாய் திறந்தேவிடுகிறது: "முதல்ல ரோட்டைப் பாருங்க."