மீட்டர் முள்

நாமக்கல் கோழிப்பண்ணையில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்தது.

"இந்தப் பொட்டியையும் திருப்பி அனுப்பிருடா" என்றாள் வாசலில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்த காளியாத்தாள்.

மகன் வேலுமணி மெக்கானிக் பக்கம் திரும்பினான். "பவர் சப்ளைதான் வீக்குன்னீங்க. புதுசு மாத்தியும் நிக்குதுங்களே சார்?"

சேலத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக் ஞானதாஸ் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தார். சுவர் பிளக்கில் வோல்ட் மீட்டரைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. மீட்டர் முள் சரிந்தது; திரையும் இருண்டது.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லைங்க. உங்க லைன்லயே வோல்டேஜ் பத்தல. இதே லைன்ல வேற என்ன ஓடுது?"

"குஞ்சு பொரிக்கிற மெஷினுங்க."

"அப்ப அதுலயும் சூடு நிக்காதே. குஞ்சு பொரிக்குதா?"

வேலுமணி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், இதை எங்கம்மாகிட்ட ஒருக்காச் சொல்லுங்க."

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் புரியுமா?"

"கம்ப்யூட்டரை உடுங்க. குஞ்செல்லாம் முட்டைக்குள்ளயே செத்துப்போச்சுங்க. முட்டை அடுக்குனவளுக்குக் கைராசி இல்லைன்னு எம் பொண்டாட்டியை அம்மா மேச்சேரிக்கு, அவங்கப்பன் ஊட்டுக்கே அனுப்பிருச்சுங்க."

ஞானதாஸ் பிடுங்கப்போன மீட்டரை அப்படியே விட்டார்.

"மோட்டார் நிக்கறதுக்குள்ள அம்மாவைக் கூப்பிடுங்க."