வெளிநாட்டு மீன் தொட்டி

மூன்று மாதமாகக் காலையில் வந்ததும் இதே வேலை. தலைப்பிரட்டைகளின் தொட்டியில், அவற்றைத் தின்னும் உள்ளூர் மீனின் தொட்டித் தண்ணீரை ஒரு சிரிஞ்சு விட்டால், அவை வாசனை பிடித்து இலைக்கடியில் பதுங்கின. வெளிநாட்டு மீன் தொட்டித் தண்ணீருக்கு ஒன்றுகூட அசையவில்லை.

'புது எதிரியை இவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை' என்று அறிக்கையை அனுப்பிவிட்டு, ஆய்வாளர் நாற்காலியில் சரிந்தாள்.

துடைப்பத்தோடு துப்புரவு அக்கா வந்தாள்.

"முடிஞ்சுதா மேடம்?"

"ஒருவழியா முடிஞ்சுதுக்கா. நாளையிலேர்ந்து லீவு. இனி ஒரு வாரம் தூங்கணும்."

"நல்லாத் தூங்குங்க. அந்த வெளிநாட்டு மீன் தொட்டி மட்டும் என்னா நாத்தம், குடலைப் புரட்டும். உங்களுக்குத் தலைவலி வரக் கூடாதேன்னு, தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி புதுத் தண்ணி மாத்தி வச்சிடுவேன்."

ஆய்வாளர் லீவு விண்ணப்பத்தை மெதுவாக நான்காக மடித்தாள்.

தலைப்பிரட்டைகள் குழாய்த் தண்ணீருக்குப் பயப்படாமல் நீந்திக்கொண்டிருந்தன.