சீட்டில் இருந்த ஏழு எண்கள்

கேரட் சாற்றை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார் புரூஃப் ரீடர். நிறமெல்லாம் வடிந்ததும், துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த கிரீம் பன்னை எடுத்துக் கடித்தார்.

குளியலறையில் நின்று பன் தின்பது கௌரவமான காரியம் இல்லைதான். ஆனால் ஏழு நாளைக்கு வெறும் ஜூஸ் என்று அச்சகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவருக்கு வேறு இடம் ஏது?

எல்லாம் மனைவி ஆரம்பித்து வைத்தது.

“ரெண்டு மாடி ஏறினா நெஞ்சைப் பிடிச்சுக்கிறீங்க. டாக்டரைப் பார்ப்போம்னு மூணு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன்.”

“டாக்டர் எதுக்கு? ஒரு வாரம் ஜூஸ் குடிச்சா உடம்பு தானா சுத்தமாயிடும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. ஜூஸ் மெஷின் வாங்கினார். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினார். நாள், நேரம், சாறு, அளவு, எடை என்று கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத அட்டவணை.

பசி வந்தால் பத்தும் பறக்குமாம். அவருக்கு முதல் நாள் மத்தியானமே உண்மை பறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டில் ஏழு நாள் எடையையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 84, 83, 82½, 81, 80½, 79, 78. முதல் எண் மட்டும் நிஜம். மற்றதைத் தினம் ஒன்றாக அட்டவணையில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. பொய்யிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

மூன்றாம் நாள் காலை, சும்மா வேடிக்கைக்கு எடை மெஷினில் ஏறினார்.

முள் நடுங்கி நடுங்கி நின்றது. எண்பத்திரண்டரை.

இறங்கி ஏறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதே எண்பத்திரண்டரை.

நான்காம் நாள் எண்பத்தொன்று. சீட்டிலும் எண்பத்தொன்று.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி, தையல் மெஷினை மிதித்தபடி.

“ஒண்ணுமில்ல. ஜூஸ் வேலை செய்யுது.”

“நல்லதுதானே?”

அச்சகத்தில் மெஷின்மேன் வாயைப் பிளந்தான். “அண்ணே, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே! பேண்டைப் பிடிச்சுக்கோங்க, மானம் போயிடப்போகுது.”

சிரித்துக்கொண்டே இடுப்பில் கை வைத்தார். நான்கு விரலும் தாராளமாக உள்ளே போயின. சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று கேன்டீனில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். போதாதென்று அரைக் கிலோ கேக். மறுநாள் முள் எண்பதரையில் நின்றது.

அவருக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. தின்னத் தின்ன உருகினார் சித்தப்பா. ஆறே மாதம்.

யாரிடம் சொல்வது? ‘சாப்பிட்டும் இளைக்கிறேன்’ என்று சொல்ல வேண்டுமானால், சாப்பிட்டேன் என்று முதலில் சொல்லியாக வேண்டும். தான் கட்டிய பொய்க்குள் தானே மாட்டிக்கொண்டு, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்.

அன்று சாயங்காலம் சீட்டை எடுத்து, ஆறாம் நாளின் 79-ஐ அடித்து 84 என்று திருத்தினார். காலையில் முள் எழுபத்தொன்பதைக் காட்டியது. முப்பது வருஷத் தொழிலில் அவர் போட்ட திருத்தம் ஏற்கப்படாதது அதுவே முதல் தடவை.

ஏழாம் நாள் எழுபத்தெட்டு.

சீட்டில் அதற்குக் கீழே எண் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். நாளை முள் எங்கே போய் நிற்கும்?

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“நான் உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். ஜூஸ் குடிக்கவே இல்ல. தினமும் பன்னு, கேக்குன்னு தின்னேன்.”

“சரி.”

“என்ன சரி? தின்னும் இளைக்கிறேன்! சித்தப்பா மாதிரி…”

மனைவி நூலை அறுத்துவிட்டு எழுந்தாள். “அப்ப டாக்டர்கிட்ட போலாமா?”

“இப்பவே போலாம்.”

மருத்துவமனையில் நர்ஸ் அவரை மெஷினில் ஏற்றினாள். “எண்பத்தஞ்சரை.”

“தப்பு. உங்க மெஷின் ரிப்பேர்.”

“இறங்கிப் பாருங்க சார். ஆள் இல்லாதப்ப முள் பூஜ்யத்துலதானே நிக்குது?”

ஒரு புள்ளி விலகினாலும் கண்டுபிடிக்கும் புரூஃப் ரீடர், வீட்டு மெஷினில் ஆள் இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்று இந்த ஏழு நாளில் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் நெஞ்சில் வயர் ஒட்டி எடுத்த தாளை வெகுநேரம் பார்த்தார். “நல்லவேளை, இப்ப வந்தீங்க. அடைப்பு ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு. மாத்திரையிலயே பிடிச்சுடலாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா, உங்களைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க.”

வெளியே வந்ததும் நர்ஸ் பதிவேட்டைப் பிரித்து ஒரு வரிக்கு நேராக டிக் அடித்தாள். எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது அவருக்குத் தொழில். அவர் பெயர். இன்றைய தேதி. நாலரை மணி. பதிவு செய்த நாள்: ஜூஸ் விரதத்தின் இரண்டாம் நாள்.

மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“சட்டையைத் துவைக்கப் போறவ பையைப் பார்க்க மாட்டாளா?” என்றாள் அவள், மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே. “எடை மெஷின் அடியில முள்ளை நகர்த்துற திருகு ஒண்ணு இருக்கு. பேண்டு இடுப்பு என் வேலை. சீட்டுல ஏழு எண்ணோட நிறுத்தியிருந்தீங்க, எட்டாவது நாளுக்கு உங்களுக்குத் தைரியம் இருக்காதுன்னு தெரியும். அதான், ஏழாவது நாளுக்கே டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்.”