திறக்காத மூடி

மொட்டைமாடியில் அடுப்புக்கரி வெகுநேரமாய் வெறுமனே புகைந்துகொண்டிருந்தது. மசாலா தடவிய கோழி தட்டில் காத்திருக்க, ஜெரால்டு பொறுமையிழந்து பெட்ரோல் பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"நம்ம நேரம் வந்தாச்சு, வழி விடு!" என்று உள்ளே துள்ளியது பெட்ரோல்.

"மாட்டேன்," என்றது மூடி. "கரிக்கு அடியில கங்கு இருக்கு. நீ விழுந்தா தீ அவன் முகத்துக்கே பாயும்."

"பயந்தாங்கொள்ளி!"

"சொல்லிக்கோ."

ஜெரால்டு திருகினான். மூடி அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினான். கடைசியில் பல்லால் கடித்தான். விளிம்பு நசுங்கியும் மூடி பிடியை விடவில்லை.

"சனியன் பிடிச்ச மூடி!" என்று கத்தினான்.

"இன்னும் நல்லா திட்டுங்க அண்ணே. திறக்க மாட்டேன்."

பாட்டிலை நங்கென்று கீழே வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஓர் அட்டையால் கரியை விசிறினான். இடுக்குகளில் சிவப்பு பரவியது. சட்டென்று ஒரு சுடர் எழுந்தது. விசிறிய கை அப்படியே நின்றது. அவன் கரியைப் பார்த்தான், பிறகு பாட்டிலைப் பார்த்தான்.

மெல்ல அதை எடுத்துப்போய் மாடியின் மறுகோடியில் வைத்தான். வைக்கும் முன், தன் பங்குக்கு மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினான்.